பானர்மேன் மெய்க்கீர்த்தி

எங்கள் ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளுக்குக் கள்ளபிரான் என்று பெயர். காலதூஷகன் என்றொரு திருடன் களவுக்குப் போகும்போதெல்லாம் இவரைக் கும்பிட்டுவிட்டுப் போவான். கிடைத்ததில் பாதியைக் கொண்டுவந்து இவர் காலடியில் வைப்பான். அரண்மனைக் களவில் அவன் அகப்பட இருந்த வேளையில், பெருமாளே அவன் வேஷத்தில் ராஜாவின் முன்னால் போய் நின்றார் என்கிறது தலபுராணம். ஆகையால் கள்ளன் என்பது எங்கள் ஊரில் வசவு இல்லை. சாமிக்குச் சூட்டிய பட்டம். பழிச்சொல்லுக்குள் புகழை வைக்கத் தெரிந்த ஊர் இது. புகழ்ச்சொல்லுக்குள் பழியை வைக்கவும் இந்த ஊருக்குத் தெரியும். அப்படிப் புகழ வேண்டிய ஒருவர் இருக்கிறார். இருநூறு வருஷமாக அந்தக் கடன் பாக்கி நிற்கிறது.

பழைய கல்வெட்டுகளின் தலைப்பில் ராஜாவின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். எந்த நாட்டை வென்றான், எவன் தலையை எடுத்தான், எவன் பொக்கிஷத்தைக் கொண்டுவந்தான் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஜெயித்தவன் பக்கம் நின்று எழுதியதுதான். ஆனாலும் தோற்றவனின் பெயர் பல நேரம் அதில்தான் நமக்குக் கிடைக்கிறது. ஜான் அலெக்சாண்டர் பானர்மேனுக்கும் அப்படி ஒன்று எழுதுவதே முறை. அவர் செய்யாத எதையும் அவர் கணக்கில் நான் ஏற்றப்போவதில்லை. செய்ததை மட்டும் சொல்கிறேன்.

கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் என்ற அளவில் அவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1959இல் வந்த சிவாஜி படத்தில் ஜாவர் சீதாராமன் அவராக வந்தார். ஆனால் அந்தப் படத்தால் ஊரெல்லாம் பேர் பரவியது ஜாக்சன் துரைக்குத்தான். ராமநாதபுரத்தில் கட்டபொம்மனைக் காக்கவைத்துப் பேச்சை முறித்துக்கொண்ட ஜாக்சன், அந்தக் குளறுபடிக்காகவே கலெக்டர் பதவியை இழந்தார். காரியத்தை முடித்துக் காட்டியவர் பானர்மேன். அவர் பதவியில் ஏறிக்கொண்டே போனார். 1799இல் மதராஸ் படையில் மேஜர். 1807இல் பிளெச்சிங்லி தொகுதிக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்களில் ஒருவர். 1817இல் பினாங்குத் தீவின் கவர்னர். பாளையங்கோட்டையில் குதிரையேறியவர் ஒரு தீவையே ஆளும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தக் கரையில் கும்பினிக்கு வேலை பார்த்தவர்களில் இப்படி உயர்ந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

இந்தக் கதை ஆரம்பமாகும் இடங்களில் ஒன்று எங்கள் ஊர் என்பதால் எனக்கு அவரைப் புகழ உரிமையும் உண்டு. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லைக் கும்பினியார் ஸ்ரீவைகுண்டத்தில் களஞ்சியம் போட்டு வைத்திருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சித் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையின் ஆட்கள் அந்தக் களஞ்சியத்தைக் கொள்ளையிட்டார்கள், காவல்காரன் ஒருவன் செத்தான் என்று கட்டபொம்மன் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தானாபதியை ஒப்படை என்று கும்பினி கேட்டதாம், கட்டபொம்மன் கொடுக்கவில்லையாம். அந்த நெல் யாருடையது என்று கேட்கும் வழக்கம் அன்றைக்குக் கிடையாது. வயல் எங்கள் ஊருடையது, ஆறு எங்கள் ஊருடையது, அறுத்த கை எங்கள் ஊர்க் கை. களஞ்சியத்தின் பூட்டு மட்டும் கும்பினியுடையது. பூட்டு யாருடையதோ, நெல்லும் அவர்களுடையது என்பதில் பானர்மேனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இவ்வளவு தெளிவான மனம் எல்லாருக்கும் வாய்க்காது.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அதுவரை மைசூரைப் பார்த்துக்கொண்டிருந்த கும்பினிப் பட்டாளத்துக்குக் கை ஒழிந்தது. தெற்கே பாளையக்காரர்களின் கணக்கைத் தீர்க்கும் வேலை பானர்மேனிடம் வந்தது. வேலையை அவர் தள்ளிப்போடவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி கட்டபொம்மனுக்கு ஓலை போனது: 4ஆம் தேதி பாளையங்கோட்டைக்கு வந்து என்னைப் பார். நல்ல நாள் பார்த்து வருகிறேன் என்று பதில் வந்தது. நம் ஊரில் பெண் பார்க்கப் போவதற்கும் நாள் பார்ப்பார்கள், பத்திரம் எழுதவும் பார்ப்பார்கள். பானர்மேன் பஞ்சாங்கம் பார்க்காதவர். 5ஆம் தேதி அவர் பாஞ்சாலங்குறிச்சி வாசலில் நின்றார். ஓலைக்கும் பீரங்கிக்கும் நடுவில் ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்றைக்கு ஒரு பட்டா மாறுதலுக்கு ஆறு மாசம் தாலுகா ஆபீஸ் படியேறும் நமக்கு அந்தச் சுறுசுறுப்பின் அருமை தெரியும்.

கோட்டை என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும் நினைக்க வேண்டாம். மண்சுவர், சுற்றிலும் முள்வேலி. 1801இல் அதை நேரில் பார்த்த வெல்ஷ் என்ற அதிகாரி சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம் என்று எழுதிவைத்திருக்கிறார். ஒரு பெரிய தெப்பக்குளத்துக்குள் அடங்கிவிடும். உள்ளே போய் நிலைமையைப் பார்த்துவர இராமலிங்க முதலியாரைத் தூது அனுப்பினார் பானர்மேன். தூது என்றும் சொல்லலாம், வேவு என்றும் சொல்லலாம். இரண்டையும் ஒரே ஆளைக் கொண்டு முடித்தது சிக்கனம். பிறகு தாக்கினார். மண்சுவர் விழவில்லை. அன்றைக்குக் கும்பினியின் வெள்ளை அதிகாரிகள் பலர் அந்தச் சுவருக்கு முன்னால் செத்தார்கள். அந்தப் போர்களில் இறந்தவர்களின் கல்லறைகளை இன்றும் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போனால் பார்க்கலாம். தலைநகரம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மாடிக் கட்டடம்கூட இல்லாத ஊர் அது. அதற்கு இத்தனை கல்லறைகளைத் தேடிக்கொடுத்தவரும் பானர்மேன்தான். எதிரியின் வீரத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சியை எதிரியே கட்டிவைக்க முடியாது.

கூடுதல் பட்டாளமும் பீரங்கியும் வரப்போவது தெரிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். கோலார்பட்டியில் எட்டயபுரத்துப் படையோடு சண்டை. தானாபதி பிள்ளை அங்கே பிடிபட்டார். செப்டம்பர் 13ஆம் தேதி நாகலாபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டு, தலையை வெட்டி, ஈட்டியில் குத்திப் பாஞ்சாலங்குறிச்சியில் நிறுத்தினார்கள். பானர்மேன் எழுத்தில் மட்டும் உத்தரவு போட்டு நிறுத்திக்கொள்ளும் ஆள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி ஆட்சி செய்தார். ஸ்ரீவைகுண்டத்துக் களஞ்சியத்தின் நெல்லுக்கு இதுதான் விலை என்று ஊருக்கு ஊர் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு வந்தார். அக்டோபர் 16ஆம் தேதி, கயத்தாறு. பாளையக்காரர்கள் எல்லாரையும் வரவழைத்து உட்காரவைத்திருந்தார் மேஜர். கப்பம் கட்டவில்லை, கூப்பிட்டபோது வரவில்லை, சிவகிரி விவகாரத்தில் தலையிட்டான், கும்பினிப் பட்டாளத்தைச் சுட்டான் என்று குற்றங்களை வாசித்தார்கள். குற்றம் சாட்டியவர் பானர்மேன். விசாரித்தவர் பானர்மேன். தீர்ப்பு எழுதியவர் பானர்மேன். நிறைவேற்றியவரும் பானர்மேன். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, அப்பீல் இல்லை. காலையில் விசாரணை, அன்றைக்கே புளியமரம். கோர்ட்டு வாசலில் மூன்று தலைமுறையாக ஒரே வழக்கைச் சுமந்துகொண்டு நிற்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். நியாயம் தாமதமாகக் கூடாது என்று இன்று எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள். அதை ஒரே பகலில் செய்து காட்டியவர் அவர்.

இனி நான் சொல்லப்போகும் புகழில் எந்த உள்ளர்த்தமும் இல்லை. இந்த ஓர் இடத்தில் அவருக்கு நான் கைகூப்புகிறேன். மறுநாள் 17ஆம் தேதி மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் பானர்மேன் உண்மையை எழுதினார். விசாரணை நடந்த நேரம் முழுவதும் அந்தப் பாளையக்காரன் பயமே இல்லாமல், எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நின்றான். தன்னைப் பிடிக்க முன்னின்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இளக்காரமாகப் பார்த்தான். மரத்தை நோக்கி நிமிர்ந்து நடந்தான். போகும் வழியில் தன் ஊமைத் தம்பி ஒருவனைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டான். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்ததுதான் தப்பு, அங்கேயே அதைக் காத்துச் செத்திருக்கலாம் என்றான் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் எழுதினார். இடையன்குடியில் இருந்த பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தக் கடிதம் கிடைக்கிறது. கட்டபொம்மன் கும்மியும் கதைப்பாடலும் எழுதாத வரிகள் இவை. நம் நாடகமேடைக்காரர்கள் எத்தனை வசனம் எழுதினாலும், ஊமைத் தம்பியைப் பற்றிய அந்தக் கவலைக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. தான் கொன்றவன் கோழையாகச் செத்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. அவர் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மறைக்காத கை. அந்தக் கையேதான் தூக்குக்கும் கையெழுத்துப் போட்டது. ஒரு மனிதனின் பெருமையை முழுசாகப் பார்த்த பிறகும் அவன் கழுத்தில் கயிற்றை மாட்டவைக்க முடிந்தது என்றால், அந்த மனத்திடத்தை நான் வேறு என்ன சொல்லிப் புகழ்வது?

பங்கு பிரிப்பதிலும் அவர் காலம் தாராளமாக இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, நாகலாபுரம், குளத்தூர் என்று ஆறு பாளையங்கள் பறிமுதல். பாஞ்சாலங்குறிச்சி நிலம் எட்டயபுரத்துக்கும் மணியாச்சிக்கும் மேல்மாந்தைக்கும் போனது. தனக்கென்று ஒரு குழி நிலம் அவர் வைத்துக்கொண்டதாக நான் எங்கும் படித்ததில்லை. அடுத்தவன் நிலத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பதில் அவர் கை நீண்டது. பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளைத் தாங்களே இடித்துத் தள்ள வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றார். வேட்டைத் துப்பாக்கியும் ஈட்டியும் போயின. காவல்காரனாக இருந்தவனுக்குக் கையில் கம்புதான் மிஞ்சியது. இந்தச் சீமை அமைதியாயிற்று. சுடுகாடும் அமைதியாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் முடித்த பானர்மேன் ஒன்றை மட்டும் முடிக்காமல் விட்டார். எந்தத் தம்பியை நினைத்து அண்ணன் மரத்துக்குப் போகும் வழியில் கவலைப்பட்டானோ, அந்தத் தம்பியைத் தூக்கிலிடவில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அவர் சரித்திரத்தில் இரக்கம் என்று சொல்லத்தக்க ஒரு காரியத்தைத் தேடினால் எனக்கு இது ஒன்றுதான் அகப்படுகிறது. அதற்கும் காரணம் இரக்கம்தானா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் கணக்கிலேயே வைக்கிறேன்.

குமரகுருபரர் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயது வரை பேச்சு வராத பிள்ளை, திருச்செந்தூரில் வாய் திறந்தது என்பது இங்கே எல்லா வீட்டுப் பாட்டிமாரும் சொல்லும் கதை. வாய் பேசாதவனைக் குறைத்து நினைக்கக் கூடாது என்று இந்த ஆற்றங்கரைக்குத் தெரியும், பட்டாளத்துக்குத் தெரியவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி அந்தத் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறினார்கள். அடுத்த சில நாளில் பட்டாளம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தபோது, தரைமட்டமாக்கிய சுவர் மறுபடி எழுந்து நின்றது. மேலே ஆட்கள் நின்றார்கள். பானர்மேன் இடிக்கச் சொன்ன கோட்டை. அவரைப் போலவே அந்த ஜனங்களும் வேலையைத் தள்ளிப்போடாதவர்கள் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

ஊமைத்துரை யுத்த ஆலோசனை நடத்தும் விதத்தை வெல்ஷ் எழுதியிருக்கிறார். துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வைப்பாராம்: இது கும்பினிப் பட்டாளம். பிறகு மற்றக் கையை வீசி அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளி, வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்புவாராம். சுற்றி நின்றவர்களுக்கு அதுவே உத்தரவு. எதிரிப்படையில் இருந்த அதிகாரி ஒருவர் வியந்து எழுதியது இது.

அந்த 1801இல் எங்கள் கள்ளபிரான் கோயிலே கோட்டையாயிற்று. மதிலுக்கு உள்ளே கும்பினிப் பட்டாளம் இருந்தது. சேவிக்க வருகிறவன் நிற்க வேண்டிய இடத்தில் சிப்பாய் நின்றான். நெல்லுக்குக் காவல் என்று தொடங்கியது பெருமாளைச் சுற்றித் துப்பாக்கி நிறுத்துவதில் வந்து நின்றது. பானர்மேன் அப்போது இங்கே களத்தில் இல்லை. ஆனால் அவர் போட்ட விதைதான் முளைத்தது. அறுவடைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். மார்ச் கடைசியில் கும்பினித் தளபதி மெக்காலே தாக்கித் தோற்றார். மே 24ஆம் தேதி அக்னியூ கோட்டையைப் பிடித்தார். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் சிவகங்கையின் மருது சகோதரர்கள், நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை என்று தூக்குக்கயிறு நடந்துகொண்டே வந்தது. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்குப் புத்தகங்களிலிருந்து அடித்தார்கள்.

மிஞ்சியவர்களை என்ன செய்வது? 1802 பிப்ரவரி 11ஆம் தேதி தூத்துக்குடித் துறையிலிருந்து அட்மிரல் நெல்சன் என்ற கப்பலில் 73 பேரை ஏற்றினார்கள். முத்தும் சங்கும் ஏறிய துறை. காலில் விலங்கோடு மனிதர்கள் ஏறினார்கள். பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைக்காரர்கள். கடலைக் கண்டே பழகாத கரிசல்காட்டுச் சனமும் அதில் இருந்தது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி, மீசை அரும்பாத பையன், அவர்களில் ஒருவன். அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்து, சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர் வெல்ஷ். அவர்தான் தூத்துக்குடியில் காவல் அதிகாரி. பையனின் விலங்குப் பாரத்தைக் கொஞ்சம் குறைக்க முடிந்தது, அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை என்று எழுதுகிறார். கப்பல் போய்ச் சேர்ந்த இடம் பினாங்கு. அன்று அதற்குப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பெயர். வழியிலேயே 3 பேர் இறந்தார்கள். கரையிறங்கி ஐந்து மாதத்துக்குள் 24 பேர் இறந்தார்கள்.

பதினைந்து வருஷம் கழித்து அந்தத் தீவுக்குக் கவர்னராக வந்து இறங்கினார் கர்னல் பானர்மேன்.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் எத்தனையோ தீவுகள். இந்தச் சீமையில் தோற்றவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய அதே தீவுக்கு, அவர்கள் தோல்வியை ஆரம்பித்து வைத்தவரே ஆளவந்தார். தோற்றவர்கள் விலங்கோடு போன கடல்வழியில் அவர் பீரங்கி மரியாதையோடு போனார். உத்தியோக உயர்வு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக ஓர் உதாரணம் காட்ட முடியாது.

அங்கேயும் அவர் ஆட்சியில் வேலை நடந்தது. ஜார்ஜ் டவுனில் புனித ஜார்ஜ் தேவாலயம் எழுந்தது. வெள்ளைத் தூண்கள், முக்கோண முகப்பு. இன்றும் சுற்றுலா போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் கட்டடம். இந்தியாவிலிருந்து கொண்டுபோன கைதிகளின் உழைப்பில் கட்டியது. 1818 ஜூன் 30ஆம் தேதி அதில் முதல் கல்யாணம் நடந்தது: மணமகள் கவர்னர் பானர்மேனின் மகள் ஜேனட், மாப்பிள்ளை பிலிப்ஸ், கவர்னருக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி, பின்னாளில் அவரே கவர்னர். பெற்ற மகளுக்கு நல்ல இடம் பார்த்து, நல்ல கட்டடத்தில், ஊர் கூட்டிச் செய்துவைத்த தகப்பன். பிள்ளைப் பாசத்தில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே 1818. அதே தீவு. வெல்ஷ் அங்கே போயிருக்கிறார். அவரைத் தேடி ஒருவன் வந்து நிற்கிறான். ஒடுங்கிப்போன, நடை தளர்ந்த கிழவன். யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. அவன் தன் பெயரைச் சொன்னான்: துரைசாமி. தூத்துக்குடியில் காலில் விலங்கோடு கப்பலேறிய பையன். முப்பத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. அவனைக் கிழவன் என்றுதான் வெல்ஷால் எழுத முடிந்தது. ஊரில் மிச்சமிருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கேட்டானாம். முடியாது, சட்டம் இடம் கொடுக்காது என்று வெல்ஷ் சொல்ல வேண்டியிருந்தது. தான் விருந்தாளியாக இருந்த வீட்டுப் பிள்ளை அவன்.

சட்டம் என்றால் அந்த வருஷம் அந்தத் தீவில் பானர்மேனின் சட்டம். ஒரு கடிதம் கடலைத் தாண்டாதபடி காத்த ஆட்சி. துரைசாமி என்று ஒருவன் அங்கே இருப்பது கவர்னருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்கான ஆட்சியில் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர்களின் பெயர் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒழுங்காக இருந்தது.

கவர்னர் பதவியில் அவர் காட்டிய இன்னொரு குணத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. பிறர் மண்ணின் உரிமையை மதிக்கும் குணம் அது. 1819இல் கும்பினி அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடியேற்றி, ஃபார்க்குவாரைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த இடம் தங்களுக்கு உட்பட்டது என்று டச்சுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களோ என்ற நிலை. ஃபார்க்குவார் பினாங்கிடம் பட்டாளம் கேட்டார். பானர்மேன் கொடுக்கவில்லை. டச்சுக்காரர்களின் உரிமையில் நாம் தலையிட்டது தப்பு, நீ அங்கிருந்து கிளம்பிவிடு என்கிற தொனியில் பதில் போனது. ராஃபிள்ஸ் வீட்டுக்குத் தீவைத்துவிட்டு ஓடுகிறவனைப் போன்றவர் என்றும் மேலிடத்துக்கு எழுதினார். கல்கத்தாவிலிருந்து ஹேஸ்டிங்ஸ் பிரபு கண்டித்து எழுதிய பிறகுதான் 200 சிப்பாய்களை அனுப்பினார். பாஞ்சாலங்குறிச்சியாரின் நல்ல நாளுக்கு ஐந்து நாள் பொறுக்காதவர், டச்சுக்காரர்களின் பத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாக யோசித்தார். அந்த நிதானம் அவரிடம் முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டும். கயத்தாற்றில் அதற்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான். தீவைத்துவிட்டு ஓடுகிறவர் என்று அவரை யாரும் சொல்லவும் முடியாது. அவர் கோட்டையை இடிக்கச் சொல்லி, நிலத்தைப் பிரித்து, கணக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனார்.

அந்த 1818இலேயே எங்கள் தூத்துக்குடியும் ஒப்பந்தப்படி டச்சுக்காரர்கள் கைக்குத் திரும்பிப் போனது. 1825இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. துறைமுகத்தைக் கைமாற்றிக்கொண்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பரதவர்களைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நிலம் பண்டம் மாதிரி கைமாறும்போது பத்திரம் உண்டு, தேதி உண்டு, மரியாதை உண்டு. கறுப்பனிடமிருந்து போகும்போது புளியமரம்தான் பத்திரம். பானர்மேன் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் இல்லை. ஆனால் தன் வாழ்நாளில் இரண்டு கரைகளில் இதை இவ்வளவு துல்லியமாகக் கடைப்பிடித்துக் காட்டியவர் அவர்.

1819 ஆகஸ்ட் 8ஆம் தேதி பினாங்கில் காலராவில் இறந்தார். அறுபது வயது. காலரா நாள் பார்த்து வருவதில்லை, விசாரணையும் வைப்பதில்லை. ஜார்ஜ் டவுனில் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். தீவைக் கும்பினிக்கு எடுத்துக்கொடுத்த பிரான்சிஸ் லைட் கிடக்கும் தோட்டம் அது. தடித்த கிளைகளோடு நாவில்லா அரளி மரங்கள் அங்கே பூத்துக் கொட்டுகின்றன. பெயர் பெற்றவர்கள், பெயர் பொறித்த கற்கள்.

கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் முதலில் யாரும் சிலை வைக்கவில்லை. வைக்க விடவும் மாட்டார்கள். வண்டிப்பாதையில் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து அங்கே போட்டுவிட்டுப் போவார்களாம். கல்லோடு கல் சேர்ந்து குவியலாயிற்று. பெயர் எழுதாத அந்தக் குவியல்தான் வெகுகாலம் அவருக்கு நினைவுச் சின்னம். சிவாஜி கணேசன் அந்த இடத்தை வாங்கிச் சிலை வைத்ததெல்லாம் பிறகு. அரசாங்கம் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை கட்டியது 1974இல்.

தூத்துக்குடியில் கப்பலேறியவர்களுக்கு அப்படி ஒரு குவியலும் இல்லை. ஐந்து மாதத்தில் செத்த 24 பேரை எந்த மண்ணில் புதைத்தார்கள் என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. இன்றைக்குப் பினாங்குக்கு நம் சனம் வேலைக்குப் போகிறது, வியாபாரத்துக்குப் போகிறது, சுற்றிப்பார்க்கப் போகிறது. போகிறவர்கள் பானர்மேன் துரையின் கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும் வழியில், கடற்கரையோரம் எங்கேயாவது, ஒரு கல்லை எடுத்து வையுங்கள். அடுத்து வருகிறவர் அதன்மேல் இன்னொன்று வைக்கட்டும்.